மஞ்சள் கோடு போட்ட போல்ட்

– பானட்டத் தொறந்து அரைமணி நேரம் ஆவுது அண்ணாச்சி. மோந்து பாக்கற, தொட்டுப் பாக்கற, வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டேங்கற. என் வண்டிக்கு இன்னாதான் ஆச்சு?

– செத்த பொறுங்க தங்கச்சி. ரேடியேட்டர்ல தண்ணி பாதிகூட இல்ல. கீழ ஒழுகுச்சா?

– ஒரு சொட்டு இல்ல. எங்க வூட்டு வாசல்ல சிமெண்டுத் தரை. ஒழுகினா தெரியாதா?

– அப்ப தண்ணி எங்க போச்சு?

– அத்த கேக்கத்தான் தம்பியோட மினி லாரில கயிறு கட்டி இழுத்துகினு வந்தேன். நீ என்னையே கேளு.

– கோவப்படாதிய. நேத்துலருந்து ஆறுன வண்டிதான? ஏறி உக்காந்து சாவியத் திருப்புங்க. மிதிக்க வேண்டாம்... ம்... போதும். எறங்கி வாங்க. ரேடியேட்டர் வாய்க்குள்ள பாருங்க.

– ஐயே... சோடா மாரி கொப்பளிக்குது.

– பொறத்தால போயி புகையப் பாருங்க.

– வெள்ளையா வருது. சாம்பிராணி போட்டா மாரி. நல்லதா, கெட்டதா?

– நிப்பாட்டிருங்க. இந்தா, இது ஆயில் ஊத்துற மூடி. உள்பக்கம் பாருங்க.

– இன்னாது இது, டீக்கடை நொர மாரி... ஆயில் கருப்பால்ல இருக்கணும்?

– ஆயில்ல தண்ணி கலந்துட்டு. தண்ணிக்குள்ள காத்து போகுது. மிச்சத் தண்ணி ஆவியா சைலன்சர் வழியா போகுது. தனித்தனியா இருக்க வேண்டியது எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போயாச்சு.

– புரியறா மாரி சொல்லு அண்ணாச்சி. இன்ஜின் போச்சா? கூட்டு ரோட்டு மெக்கானிக்கு நேத்தே சொல்லிட்டான். "முடிஞ்ச கதைக்கா, எடைக்குப் போட்டுட்டு வேற வேல பாரு"ன்னான். சொல்லிட்டு சிரிச்சான். அந்த சிரிப்புதான் எனக்குத் தாங்கல.

– அவன் கெடக்கான். குக்கர்ல ஆவி சைடுல போச்சுன்னா குக்கரையா தூக்கிப் போடுதிய?

– வாஷர மாத்துவேன்.

– அதேதான். கீழ பிளாக்கு, மேல ஹெட்டு, ரெண்டுக்கும் நடுவுல ஒரு தகடு. ஹெட் கேஸ்கட்டும்பாங்க. உங்க குக்கருக்கு வாஷர் போயிட்டு.

– அம்மாந்தானா? ஆண்டவரே... நான் நேத்து பூரா சாப்புடக்கூட இல்ல அண்ணாச்சி. அப்ப மாத்திடு.

– மாத்திரலாம். ஆனா குக்கர்னா மூடிய எடுத்தாப் போதும். இதுக்கு பாதி இன்ஜினக் கழத்தணும். புதங்கெழம வந்து எடுத்துக்கிடுங்க.

– புதனா! நாளைக்கு காலைல அஞ்சு மணிக்கு எனக்கு வண்டி வோணும்!

– தங்கச்சி, இன்னைக்கு ஞாயித்துக்கெழம. ஸ்பேர் கடை பூட்டிருக்கும். லேத்து பூட்டிருக்கும். நான் ஒத்த ஆளு...

– நாளைக்கு முப்பதாவது நாளு அண்ணாச்சி.

– என்னத்துக்கு முப்பதாவது நாளு?

– எங்க கம்பெனில லேடீஸ் பிக்கப்புக்கு ஒரு பொம்பள டிரைவர இப்பதான் மொத தபா எடுத்துகிறாங்க. என்னைத்தான். முப்பது நாள் ட்ரையல். டிரான்ஸ்போர்ட் பாக்கற பிரசன்னா சாரு மொத நாளே சொல்லிட்டாரு... "ஒரு நாள் லேட் ஆனாலும் லிஸ்ட்ல பேரு இருக்காது மெர்சி"ன்னு. இருபத்தொம்போது நாள் ஓட்டிட்டேன். ஒரு நாள்கூட அஞ்சு அம்பத்தஞ்சு தாண்டி கேட்டுக்குப் போனதில்ல.

– நாளைக்கு ஒரு நாளு வேற வண்டிய வச்சு...

– என் வண்டி நம்பரு, என் லைசென்ஸு, என் போட்டோ ஒட்டின பாஸு. வேற வண்டின்னா செக்யூரிட்டி உடமாட்டான். அந்த கம்பெனில ஏழு வருஷம் கான்ட்ராக்ட்ல நின்னுகினே வேல செஞ்சேன். ஒரு நாள் வாசல்லயே கார்ட வாங்கிகினு அனுப்பிட்டாங்க. அதே வாசலுக்கு நான் உக்காந்துகினு போறேன் அண்ணாச்சி. நாளைக்கு ஒரு நாள்... அது தாண்டிட்டா என்னை எவனும் எறக்க முடியாது.

– கோயிலுக்குப் போகலியா இன்னைக்கு?

– நான் போவல. ஏன்?

– போயிருந்தா ரெண்டு பேருக்குமா சேத்து வேண்டிக்கிட்டிருக்கலாம்லா. அந்த ஸ்பானர் செட்ட எடுங்க. கைக்கு ஆளு நீங்கதான்.

– நானா! தோ, வளையல கழட்டிட்டேன் பாரு.

– வேலைய ஆரம்பிக்கும் முந்தி ஒண்ணு கேக்கேன். நெசத்தச் சொல்லணும். டெம்பரேச்சர் முள்ளு செவப்புக்குப் போச்சா?

– நான் பாக்கல.

– பாக்கலியா?

– பாக்கல அண்ணாச்சி. பொண்ணுங்கள கேட்டுல எறக்கி உட்டுட்டுத் திரும்பறேன், ஆவியா வந்துச்சு. ஓரங்கட்டி நிறுத்திட்டேன்.

– உடனேயா?

– உடனேன்னா உடனேதான். போலீஸ்காரன் மாரி கேக்கறியே.

– டாக்டர்ட்டயும் மெக்கானிக்குட்டயும் மறைக்கக் கூடாதும்மா.

– நான் இன்னாத்த மறைக்கப் போறேன்? வேலயப் பாரு.

– சரி சரி. கையெல்லாம் ஆயிலு... அந்த டேஷ்போர்டுல ஒரு துணி கெடக்குல்லா, அத எடுங்க தொடைக்க.

– அது துணி இல்ல, என் துப்பட்டா! அத்த தொடாத. இந்தா, பனியன் வேஸ்ட்டு இங்கியே கீதே.

– துப்பட்டாவ ஏன் மீட்டருகிட்ட போட்டு வச்சிருக்கிய?

– கெடந்துட்டுப் போவுது. ஒழுங்கா உன் வேலயப் பாரு அண்ணாச்சி.

*

– நாலு பிளக்கு. வரிசையா வச்சிருக்கேன் பாருங்க. மூணு கருப்பு. இந்த மூணாவது மட்டும் பல்லு வெளக்குன மாதிரி இருக்கா?

– ஆமா, பளிச்சுனு கீது.

– அங்கதான் தண்ணி எறங்கிருக்கு. ஆவி கழுவிக் கழுவி வெளுத்துட்டு. இனி சந்தேகமே இல்ல. மேல கவரக் கழத்துதேன், அந்த நட்டுகள டப்பால போடுங்க. எண்ணிப் போடணும்.

– எட்டு. எட்டும் கீது. போர்டுல "இன்ஜின் கம்பெனி அனுபவம் 11 வருடம்"னு போட்டுகீறியே, அங்கியும் இப்டித்தான் எண்ணிப் போடுவியா?

– அங்க எல்லாம் மெசினு. பத்து போல்ட்டையும் மெசினே ஒண்ணா இறுக்கும். பச்ச லைட்டு எரியும்.

– நீ இன்னா பண்ணுவ?

– இறுக்கிட்டுன்னு போல்ட்டுல பெயிண்ட் பேனாவால கோடு போடுவேன்.

– அவ்ளோதானா? பதினோரு வருஷமா கோடு போட்டியா?

– சிரிக்காதிய. ஒரு கோடு விட்டுப் போச்சுன்னா லைனே நிக்கும். சூப்பர்வைசர் ஓடி வருவான்.

– சிரிக்கல... கொஞ்சம் சிரிச்சேன். அப்பறம் ஏன் வந்துட்ட?

– நான் எங்க வந்தேன்? ஆலையத்தான் மூடிட்டாங்க. பொழைப்புக்கு திருநவேலிலருந்து இவ்வளவு தூரம் வந்தாச்சு, திரும்பிப் போக மனசு இல்ல. மறைமலை நகர்ல ஒரு ஷெட்டுல சேந்தேன். ரெண்டு வருஷம். பொறவு இங்க சொந்தமா ஒரு கூரையப் போட்டுட்டேன். இந்தா, கவரு வந்துட்டு... புடிங்க.

– புடிச்சுட்டேன். இன்னா அண்ணாச்சி, உள்ள பாத்தவன் அப்டியே நின்னுட்ட?

– ஒண்ணுமில்ல.

– பேயறைஞ்சா மாரி கீது மூஞ்சி. பெரிய செலவா? சொல்லிடு.

– ஒண்ணுமில்லம்மா... இந்த வண்டிய நீங்க யார்ட்ட வாங்குனிய?

– சிங்கப்பெருமாள் கோயில்ல ஒரு வாத்தியாரு. ரிடையர் ஆயிட்டாரு, ஓட்ட முடியலன்னு குடுத்தாரு. போன வருஷம்.

– ஒசரமா... வெத்தல போடுவாரா?

– ஆமா! உனக்கு எப்டி தெரியும்?

– வாத்தியாருங்க வெத்தல போடுததுதான. சும்மா கேட்டேன்.

– எந்த ஊர்ல அண்ணாச்சி வாத்தியாருங்க எல்லாம் வெத்தல போடறாங்க?

– எங்கூர்ல போடுவாங்க. பதினாலாம் நம்பர் சாக்கெட்ட எடுங்க.

– இரு இரு. போல்ட்டு மண்ட மேல இன்னா அது மஞ்ச மஞ்சளா? பெயிண்ட்டா?

– ஆமா.

– கம்பெனில போட்டதா?

– இல்ல... கம்பெனிக் கோடு வெள்ள. இது பொறவு போட்டது. ஹெட்ட ஒருவாட்டி எறக்கி ஏத்திருக்காங்க.

– முன்னாடியே பிரிச்ச வண்டியா! வாத்தியாரு சொல்லவே இல்லியே! எந்த ஆளு பிரிச்சான்? பாரேன், கோடு முடியற எடத்துல வாலு மாரி ஒரு சுழி வேற. பெரிய ஓவியரு.

– சாக்கெட்டு தங்கச்சி.

– இந்தா.

– வெளியிலருந்து உள்ளுக்கு வரிசையாத் தளத்தணும்... ஒண்ணு... இது இவ்வளவு லேசா வரக் கூடாது. ரெண்டு... இதுவும்...

– லேசா வந்தா நல்லதுதான?

– நல்லது இல்ல. இறுக்கமே இல்ல. பழைய போல்ட்டையே திருப்பிப் போட்டிருக்கு.

– பழசப் போட்டா இன்னா?

– இந்த போல்ட்டு ஒருக்க இறுக்குனா இழுபட்டு நீளும். அந்த இழுப்புலதான் ஹெட்டையும் பிளாக்கையும் சேத்துப் புடிக்கும். கழத்துனா தூரப் போட்டுரணும். ரெண்டாவது தடவ புடிப்பு வராது. கொஞ்சங் கொஞ்சமாத் தளந்து, கேஸ்கட்டுல தண்ணி புகுந்து... இதாம் கதி.

– அப்ப என் வண்டி நின்னதுக்கு அவன்தான் காரணம்? அந்த சுழி போட்டவன்?

– ...இருக்கலாம்.

– எங்க கீறான் அவன்? எந்த ஷெட்டு? நாலு வார்த்த நல்லா கேக்கணும் அண்ணாச்சி. பொண்ணுங்கள ஏத்திகினு போற வண்டி இது. தெரியாதவன் எதுக்கு இதுல கைய வெக்கணும்?

– தெரிஞ்சுருந்தா போட்டிருக்க மாட்டாம்லா.

– நீ ஏன் அவனுக்கு வக்காலத்து வாங்கற?

– வாங்கல. ஹெட்டத் தூக்கணும், அந்தப் பக்கம் புடிங்க. முதுகு பத்திரம். ஒண்ணு... ரெண்டு... தூக்குங்க!

– ஏசப்பா!

– மெதுவா, மெதுவா... வச்சாச்சு. இங்க பாருங்க, தகட்ட. மூணாம் நம்பர் பக்கத்துல கருப்பா அரிச்சிருக்கு பாத்தியளா? விரல்நகம் அளவு ஓட்ட. இதுக்குத்தான் அந்தக் கூட்டு ரோட்டுக்காரன் எடைக்குப் போடச் சொன்னான்.

– இத்துனூண்டா! இதுக்கா நேத்து ராத்திரி தூங்காம கெடந்தேன்?

– இருங்க, சந்தோசப்படாதிய. ஸ்டீல் ஸ்கேல ஹெட்டு மேல நிறுத்துதேன். அந்தப் பக்கமிருந்து டார்ச் அடிங்க... வெளிச்சம் வருது.

– வந்தா?

– ஹெட்டு வளைஞ்சிருக்கு. நல்லா சூடேறிக் காஞ்சிருக்கும்மா இது. உடனே நிப்பாட்டுன வண்டி மாதிரி தெரியல.

– ...உடனேதான் நிறுத்தினேன்னு சொன்னேனே.

– சரி. தண்ணி கொறஞ்சா முள்ளு ஒழுங்காக் காட்டாது, அதுவும் உண்டு. உங்களக் குத்தம் சொல்லல. லேத்துல குடுத்து தேச்சு மட்டம் பண்ணணும். ஞாயித்துக்கெழம எவன் தெறப்பான்?

– பென்னலூர்ல தாவீது அண்ணன் லேத்து போட்டுகீறாரே, அவரு செய்வாரா?

– செய்வாரு. வேல சுத்தம். ஆனா ஞாயித்துக்கெழம பூட்டுல கைய வைக்க மாட்டாரு.

– எங்க சர்ச்சுதான். பாட்டு குழுல எனக்கு எதிர் வரிசை. இரு... அல்லோ, தாவீது அண்ணே, மெர்சி பேசறேன். ஆராதனை முடிஞ்சுதா? வரல அண்ணே, வண்டி படுத்துட்ச்சு... ஹெட்டு வளைஞ்சுகீதாம்... இன்னிக்கே வோணும்... தெரியும் அண்ணே, ஓய்வு நாளு. ஓய்வு நாள்ல ஆடு குழில வுழுந்தா தூக்க மாட்டீங்களான்னு ஏசப்பாவே கேட்டாரே? எங்க வூட்டு ஆடுதான் இது... சிரிக்காதீங்க... பத்தரைக்கா? ஆண்டவர் உங்கள நல்லா வெச்சுருக்கணும்!

– வாரேன்னுட்டாரா?

– வேட்டி மாத்திகினு பத்தரைக்கு தொறக்கறாராம்.

– ஆட்டக் கொண்டாந்து நிறுத்திட்டியளே. கேஸ்கட்டு எங்கிட்ட ஒண்ணு கெடக்கு, இந்த மாடலுக்கு சரியா வரும். போல்ட்டுதான் பத்து வேணும்.

– பத்து போல்ட்டு தோ ட்ரேல கீதே.

– அது ஆகாது.

– தெரியும், பழசு. ஆனா நாளைக்கு ஒரே ஒரு நாள் அண்ணாச்சி. இத்தப் போட்டு ஓட்டிடறேன். செவ்வாக்கெழம புதுசு போடு. எங்கிட்டயே ஒரு வருஷம் தாங்கல?

– மாட்டேன்.

– ஒரு நாளு...

– மாட்டேன்னா மாட்டேன்!

– ...இன்னாத்துக்கு கத்தற? என் வண்டி, என் பொழப்பு, எனக்கு இல்லாத கோவம் உனக்கு ஏன்?

– ...கத்தல. மன்னிச்சுக்கிடுங்க. ஒரு தடவ பட்டது போதும்.

– யாரு பட்டது?

– ...நீங்கதான். போன எடுங்க, இல்ல, எம் போனு எங்க... அல்லோ, ஆறுமுகநயினார் அண்ணாச்சியா? நம்பிராஜன் பேசுதேன். ஆமா, ஒரகடத்துலருந்து. கடையக் கொஞ்சம் தெறக்கணும்... தெரியும், ஞாயித்துக்கெழம. கறி வாங்கி வச்சிருக்கியளா? ஆறிராது, மதியத்துக்குத்தான... அண்ணாச்சி, நான் இதுவரைக்கும் ஒங்ககிட்ட இப்படிக் கேட்டதில்ல. பத்து ஹெட் போல்ட்டு. அம்புட்டுதான். ஒரு தங்கச்சி வரும், ஸ்கூட்டர்ல... ஆமா... சரி, சரி. பெரிய உபகாரம்.

– குடுக்கறாரா?

– ஸ்ரீபெரும்புதூர் போயி வாங்கிட்டு வந்துருங்க. எம் ஸ்கூட்டர எடுத்துக்கிடுங்க. நான் ஹெட்டத் தூக்கிக்கிட்டு ஆட்டோல பென்னலூரு போறேன்.

– அவரு கறிச்சோறு சாப்புட கூப்ட்டா?

– சாப்புட்டுட்டு வாங்க. நேத்துலருந்து சாப்புடலன்னியளே.

*

– மணி ரெண்டே கால். சாப்டியா அண்ணாச்சி?

– தாவீது வாங்கிக் குடுத்தாரு. ஹெட்டப் பாருங்க, கண்ணாடி மாதிரி. இப்ப ஸ்கேல வச்சு டார்ச் அடிங்க.

– வெளிச்சம் வரல... ஒரு பொட்டுகூட வரல!

– போல்ட்டக் கொண்டாங்க. இப்படி வாங்க, ஒண்ணு காட்டுதேன். இது புதுசு. இது உங்க வண்டில கெடந்த பழசு. ரெண்டையும் ஒட்டி நிறுத்துதேன்.

– பழசு கொஞ்சம் ஒசரமா கீது.

– இழுபட்டுருக்கு. பதினோரு வருஷம் போல்ட்டுகூடவே கெடந்தவனுக்குக்கூட இது தெரியாமப் போகும். லைன்ல எப்பவும் புதுப் பொட்டலம்தான். ஒரு பழைய போல்ட்டக் கண்ணால பாத்துருக்க மாட்டான்.

– எவன்?

– ...பொதுவாச் சொல்லுதேன். இந்தத் தாளப் புடிங்க. இதுல நம்பர் போட்டிருக்கு. வரிசையாச் சொல்லுங்க, நடுவுலருந்து வெளிய. நான் இறுக்குதேன்.

– ஒண்ணு, நடுவுல லெஃப்ட்டு.

– ம்.

– ரெண்டு, நடுவுல ரைட்டு... டிக்குனு சத்தம் வந்துச்சே, ஒடைஞ்சிட்ச்சா?

– ரெஞ்சு பேசுது. போதும்னு. அடுத்தது.

– மூணு... நாலு... அண்ணாச்சி, உனக்கு ஒண்ணு சொல்லட்டா? நேத்து அந்த கூட்டு ரோட்டுக்காரன் சிரிச்சப்ப, வண்டியக் கொளுத்திட்டு எங்கனா போயிடலாமான்னு இருந்துச்சு. இப்ப பயமே இல்ல. கை கருப்பா கீது, இடுப்பு வலிக்குது, பயம் மட்டும் இல்ல.

– நல்லதும்மா. அஞ்சாவது எது?

– மேல, ஓரம். ஆறு... பத்து வரிக்கும் வந்தாச்சு.

– இனி மொதல்லருந்து ஒவ்வொண்ணா கால் சுத்து. சொல்லுங்க.

– ஒண்ணு.

– ம்ம்ம்... ஆச்சு.

– ரெண்டு. ...மூணு. ...நாலு. ...மூச்சு வாங்குது உனக்கு, நான் ஒண்ணு இறுக்கட்டா?

– ஏறிப் புடிங்க. ரெண்டு கையாலயும். இன்னும்... இன்னும்... நிப்பாட்டுங்க! நல்ல கை. ஏழு வருஷம் லைன்ல நின்ன கையி, தெரியுது.

– அஞ்சு நான் பண்ணது! எழுதி வெச்சுக்கோ. ஆறு... பத்து. முடிஞ்சுது. இப்ப இன்னா, சட்டைப்பைல தேடற?

– ஒண்ணுமில்ல. இறுக்குனதுக்கு அடையாளம் வைக்கணும். பழக்கம்.

– பேனாவா? காட்டு... மஞ்சளா?

– ...ஆமா.

– ஒண்ணு... ரெண்டு... மூணு...

– என்னம்மா, எண்ணுதிய?

– அண்ணாச்சி.

– ம்.

– கடைசில ஒரு சுழி போட்ட. அந்த ட்ரேய இங்க குடு. பழைய போல்ட்ட. தோ... இதுலயும் சுழி. அதே வாலு.

– ...டைமிங் செயின மாட்டணும், நேரமாகுது.

– நம்பிராஜன் அண்ணாச்சி.

– வண்டி மொதல்ல ஓடட்டும் தங்கச்சி. ஓடுனப் பொறவு நானே சொல்லுதேன். அதுவரைக்கும் ஒண்ணும் கேக்காதிய, வேல கெட்டுரும்.

– ...சரி. நட்டு டப்பா தோ கீது. எட்டும் கீது.

*

– புது ஆயிலு, புது கூலன்ட்டு. ரேடியேட்டர் வாய் தெறந்தே கெடக்கு. ஏறி சாவியத் திருப்புங்க.

– பயமா கீது.

– பயமில்லன்னியளே.

– அது அப்ப... ஏசப்பா... தோ...

– இன்னொருக்க. ஆயிலு மேல ஏற நேரமாகும். திருப்புங்க.

– ...புடிச்சுட்ச்சு! அண்ணாச்சி, புடிச்சுட்ச்சு!

– எறங்காதிய, லேசா மிதிங்க. ம்... கொப்பளம் இல்ல. மொதக் காத்து ரெண்டு வந்துச்சு, இப்ப இல்ல. தண்ணி அசையாம நிக்கி. பொறத்தாலயும் பாத்துட்டேன், புகை இல்ல. இருபது நிமிசம் ஓடட்டும்.

– சத்தத்தக் கேளேன்... வாங்கின நாள்லகூட இப்டி ஓடல.

– அதான் சொல்லுதேன்னேன்லா. சொல்லிருதேன். ஆலை மூடி நாலாவது மாசம். மறைமலை நகர் ஷெட்டுல நான் தனியா எறக்குன மொத இன்ஜின் இதுதான். வாத்தியாரு பக்கத்துலயே ஸ்டூலப் போட்டு, வெத்தல போட்டுக்கிட்டு உக்காந்துருந்தாரு. பழைய போல்ட்டத் தொடைச்சு, ஆயில் தடவி, நானே இறுக்கி, நானே கோடு போட்டேன். அம்புட்டு பெருமையா போட்டேன். ஒரு வருசம் கழிச்சுத்தான் வேற ஒருத்தன் சொன்னான், போல்ட்டு புதுசு போடணும்னு. அன்னைலருந்து வாத்தியாரத் தேடுனேன். வண்டிய வித்துட்டாருன்னாங்க. யாருக்குன்னு தெரியல.

– காலைல கவரத் தொறந்தப்பவே தெரிஞ்சுதா?

– கோட்டப் பாத்த ஒடனே. அப்பவே சொல்லிருக்கணும். சொன்னா, "தெரியாதவன் எதுக்குக் கைய வைக்கணும்"னு கயித்தக் கட்டி இழுத்துட்டுப் போயிருவியளேன்னு பயம். கூரையப் போட்டு ஆறு மாசந்தான் ஆகுது, பேரு கெட்டுரும்னு பயம். பிள்ளைகள ஏத்திட்டுப் போற வண்டின்னு நீங்க சொன்னப் பொறவும் வாயத் தெறக்கல. திட்டணும்னா திட்டிக்கிடுங்க.

– வாத்தியாரத் தேடினேன்னியே, நெசமாவா?

– அவரு வீட்டு வாசல்ல ரெண்டு வாட்டி போயி நின்னேன். மக வீட்டுக்குப் போயிட்டாருன்னாங்க.

– எவனும் தேட மாட்டான் அண்ணாச்சி. வண்டி ஷெட்ட உட்டு வெளிய போனா அதோட உட்டுருவான்.

– தேடி என்ன புண்ணியம்? அதுக்குள்ள உங்க முப்பது நாளுல கைய வச்சுட்டேனே. நாளைக்கு வெள்ளன நாலரைக்கு உங்க வீட்டுக்கு வந்துருதேன். டூல்ஸ் பையோட ஸ்கூட்டர்ல உங்க பொறத்தாலயே கேட்டு வரைக்கும் வருவேன். உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா. தளந்த போல்ட்டு, போன தண்ணி. முள்ளுகூட பொய் சொல்லிருக்கும்.

– முள்ளப் பத்தி பேசாத.

– ஏன்?

– ஹெட்டு நல்லா காஞ்சிருக்குன்னு சொன்னியே... அது போல்ட்டால மட்டும்தானா?

– போல்ட்டால ஆரம்பிச்சது. அம்புட்டு வளையணும்னா, காஞ்ச பொறவும் மூணு நாலு கிலோமீட்டராவது ஓடிருக்கணும். நீங்கதான் உடனே நிப்பாட்டிட்டேன்னியளே, அதாம் எனக்கு இன்னும் புடிபடல. மெர்சிம்மா? அழுவுதியளா, சிரிக்கியளா?

– ரெண்டுந்தான். ட்ரேல கெடக்கற அந்தப் பத்து போல்ட்ட மட்டும் திட்டிகினு தூங்காம கெடக்காத அண்ணாச்சி. கூட்டு ரோட்டுலயே முள்ளு ஏறிட்ச்சு. மணி அஞ்சு நாப்பத்தாறு. பின்னாடி ஆறு பொண்ணுங்க, அரைத் தூக்கம். நிறுத்தினா ஆறு பேருக்கும் லேட்டு, எனக்கு இருபத்தொம்போதாவது நாளோட முடிஞ்சுது, பொம்பள ஓட்டினா இப்டித்தான்னு பிரசன்னா சாரு எழுதிக்குவாரு. அதுல நிலான்னு ஒரு பொண்ணு முன்னாடி எட்டிப் பாத்து "அக்கா, அது ஏன் செவப்பா கீது"ன்னு கேட்டுச்சு. காலைல நீ கேட்டப்ப செவப்பப் பாக்கலன்னு சொன்னேன்ல... கழுத்துல இருந்த துப்பட்டாவ எடுத்து மீட்டர் மேல போட்டு மூடிட்டேன் அண்ணாச்சி, அப்பறம் எப்டி பாக்கறது?